திருப்பணிச் செல்வர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்

ஆலயம் அமைப்பார் பலர். அமைத்த ஆலயத்தைக் காப்பார் சிலர். முன்னோர் அமைத்ததை முன்னிலும் உறுதியாய்ப் புதுக்கிப் பின்னோர் கையில் ஒப்படைப்பார் மிகச் சிலரேயாவர். கும்பாபிஷேகத் திருநாளில் குடமுழுக்கு நீர் சிரத்திற் படக் கைகூப்பி நிற்கும் மெய்யன்பர்கள், அவ்வரிய சிலருள் ஒருவராகிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் வாழ்வை ஒருமுறை நினைந்து பார்த்தல் தகும். ஈழநாட்டு அரசியலில் அரை நூற்றாண்டுக் காலம் தலைநிமிர்ந்து நின்ற அப்பெருமகனார், சபையில் ஆற்றிய பணியையும் சந்நிதியில் ஆற்றிய பணியையும் வெவ்வேறாகக் கருதினாரல்லர். இரண்டும் அவருக்கு ஒரு தொண்டின் இரு கைகளாகவே இருந்தன.

குலமும் கல்வியும்

இராமநாதன் அவர்கள் 1851-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் நாள் கொழும்பு மாநகரில் தோன்றினார். யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட அருணாசலம் பொன்னம்பல முதலியார் தந்தையார். இலங்கைச் சட்டநிரூபண சபை 1830-களில் நிறுவப்பட்டபோது தமிழரின் முதற் பிரதிநிதியாய் அமர்ந்த குமாரசுவாமி முதலியார் தாய்வழிப் பாட்டனார். அச்சபையிற் புகழுடன் விளங்கிய சேர் முத்துக்குமாரசுவாமி தாய்மாமனார். கலையுலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அம்மாமனாரின் மைந்தர். தமையனார் குமாரசுவாமியும் தம்பியார் அருணாசலமும் நாடறிந்த அறிஞர்களே. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடியாயினும், அக்குடியின் உண்மைச் செல்வம் சிவபத்தியேயாம். பொன்னம்பல முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கொழும்புக் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரருக்கு ஓர் ஆலயம் எடுப்பித்து நித்திய பூசைக்கும் வழி செய்தார். அத்தந்தையின் கைப்பிடித்துச் சந்நிதிக்குச் சென்ற பிள்ளைகளே மூவரும்.

கொழும்பு அக்கடமியிலும் பின் சென்னைப் பிரெசிடென்சிக் கல்லூரியிலும் பயின்ற இராமநாதன் அவர்கள், சேர் றிச்சர்ட் மோர்கன் என்னும் சட்ட வல்லுநரிடம் பயிற்சி பெற்று, இளமையிலேயே நியாயதுரந்தரரானார். உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புக்களைத் தேடித் தொகுத்து அவர் வெளியிட்ட அறிக்கைத் தொகுதிகள், வழக்கறிஞர் மன்றத்தில் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கின.

சபையிற் புகுந்தமை

1879-ஆம் ஆண்டில் சேர் முத்துக்குமாரசுவாமி மறைந்தபோது, தமிழரின் பிரதிநிதியாக யாரை நியமிப்பது என்னும் வினா எழுந்தது. அப்போது சைவமும் தமிழும் தழைக்கப் பிறந்த யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் பெருமான், இருபத்தெட்டு வயதே நிரம்பிய இவ்விளைஞரையே அப்பதவிக்குத் தக்கவரென்று கண்டு, வெளிப்படையாய் ஆதரித்து நின்றார். அவ்வாண்டின் இறுதியிலேயே நாவலர் சிவபதம் எய்தினார். அவர் தம் வாழ்வின் மாலைப்பொழுதில் நாட்டிய நாற்று வீண்போகவில்லை.

சபையில் அமர்ந்த இராமநாதன் அவர்கள் தம்மினத்தார்க்கு மட்டும் வழக்காடினாரல்லர். பௌத்த மக்கள் தம் பெருமானின் வைசாகத் திருநாளை விடுமுறை நாளாகக் கொண்டாட வேண்டினர். அவ்வேண்டுகோளுக்குத் துணைநின்றோருள் இவரும் ஒருவர். 1885-ஆம் ஆண்டில் அவ்விடுமுறை கிடைத்தது. பௌத்த விகாரைகளின் சொத்துக்களைக் காக்கும் சட்டம் உருவாவதற்கும் அவர் உழைத்தார். தம் கோயிலின் பெருமை அறிந்தவர் பிறர் கோயிலின் உரிமையையும் அறிவர் என்பதற்கு இவரே சான்று. 1904-ஆம் ஆண்டில் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிற் பேசியபோது, சிங்கள மக்கள் தம் தாய்மொழியைக் கைவிட்டு அந்நிய நடையிலே மயங்குதல் தகாதென எடுத்துரைத்தார். தமிழர் ஒருவர் சிங்கள மொழிக்காகப் பேசிய அப்பேச்சு நெடுநாள் நினைக்கப்பட்டது.

1892-ஆம் ஆண்டு முதல் 1906-ஆம் ஆண்டு வரை சொலிசிற்றர் ஜெனரல் என்னும் உயர்பதவியில் அமர்ந்து அரசாங்கத்துக்குச் சட்டப் பணி புரிந்தார்.

குருவருள்

பதவியும் புகழும் பெருகிய அந்நாட்களிலேயே அவருள்ளம் உள்நோக்கித் திரும்பியது. தஞ்சையைச் சேர்ந்த அருட்பரானந்த சுவாமிகள் அவருக்கு ஞானகுருவாய் வாய்த்தார். குருவின் அடிநிழலிற் பெற்ற தெளிவைக் கொண்டு அவர் கிறிஸ்தவ வேதத்தின் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குப் பரானந்தர் என்னும் பெயரில் விளக்கம் எழுதுவித்தார். அவை முறையே 1898-ஆம் ஆண்டிலும் 1902-ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. சைவ ஞானத்தில் ஊன்றி நின்று பிறர் வேதத்தையும் அன்போடு ஆராய்ந்த அத்துணிவு அக்காலத்தில் அரிதேயாம். 1905-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அமெரிக்க நாட்டிற் பயணஞ்செய்து ஆன்மநெறி குறித்து விரிவுரைகள் நிகழ்த்தினார். பகவத்கீதையைத் தமிழிற் பெயர்த்து விளக்கமும் செய்தார். சுவிசேஷ விளக்கங்களைப் பதிப்பித்த ஆஸ்திரேலியப் பெண்மணியாரே பின்னர் சைவநெறி தழுவி, லீலாவதி என்னும் பெயர் பூண்டு, அவரது வாழ்க்கைத் துணைவியாரானார்.

கருங்கற் றிருப்பணி

அமெரிக்காவினின்று மீண்டபின், 1907-ஆம் ஆண்டில், தந்தையார் எடுப்பித்த கொச்சிக்கடை ஆலயத்தின் பொறுப்பு அவர்பால் வந்தது. தந்தை கட்டிய கோயில் செங்கல்லாலும் சுதையாலும் ஆகியது. அதனைச் சீர்செய்து வெள்ளை பூசி விட்டிருந்தாலும் ஒருவரும் குறை கூறியிரார். இராமநாதன் அவர்களோ கடற்காற்றும் பெருமழையும் அரிக்கும் அந்நகரில் நூறாண்டு கடந்தும் நிற்கத் தக்கது கருங்கல்லே எனத் துணிந்தார். முழுவதும் கருங்கல்லாலே, தென்னாட்டுச் சிற்ப மரபு வழுவாமல், தம் பெரும்பொருளைச் செலவிட்டுக் கோயிலைப் புதிதாய் எழுப்பலானார்.

தந்தை கட்டியதைக் கலைத்து மைந்தன் புதிதாய்க் கட்டுதல் எளிய காரியமன்று. அது தந்தையின் பெயரை மறைப்பதாய் முடியவுங் கூடும். இங்கோ தந்தையின் நினைவே கல்லிற் பொறிக்கப்பட்டாற் போலாயிற்று. ஐந்தாண்டு உழைப்பின்பின் 1912-ஆம் ஆண்டில் மகா கும்பாபிஷேகம் இனிது நிறைவேறியது. தூண்கள், மண்டபங்கள், மேற்றளம் யாவும் கல்லாய் நிமிர்ந்து நிற்க, உள்ளே பொன்னம்பலவாணேசுவரரும் சிவகாமி அம்மையும் அருள்பாலிக்கும் அத்திருக்கோயில், துறைமுகத்தின் ஆரவாரத்துக்கு அண்மையில் இருந்தும் உட்புகுந்தார்க்குக் குளிர்ச்சியும் அமைதியும் தருவதாய் இன்றும் விளங்குகின்றது. இலங்கையிற் கருங்கற் றிருப்பணிக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் முதலில் இதனையே சுட்டுவர்.

திருப்பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நாடும் அவரை அழைத்தது. படித்த இலங்கையர்க்கென ஒதுக்கப்பட்ட ஒரே ஆசனத்துக்கு 1911-ஆம் ஆண்டின் இறுதியில் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ மூவாயிரம் பேரே. அவருட் பெரும்பாலோர் சிங்களவர். எதிர்த்து நின்றவர் சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ என்னும் சிங்கள மருத்துவர். வெற்றி இராமநாதனுக்கே கிட்டியது. சிங்களவருள் நிலவிய சாதிப் போட்டியும் அவ்வெற்றிக்கு ஒரு காரணமென்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயினும் இலங்கையர் அனைவர்க்கும் பொதுவான முதற் பிரதிநிதியாய்த் தமிழர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்நிகழ்ச்சி வரலாற்றில் அழியாது நிற்கின்றது.

கடல் கடந்த வழக்கு

அவ்வாசனத்தின் பொறுப்பு எத்துணைக் கடியது என்பதை 1915-ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மே மாத இறுதியிற் கண்டியிலே தொடங்கிய சிங்கள-முஸ்லிம் கலகம் நாட்டின் பல பகுதிகளிலும் பரவியது. முஸ்லிம் மக்கள் உயிரும் உடைமையும் பள்ளிவாசல்களும் இழந்து பெருந்துயர் எய்தினர். மகாயுத்த காலமாகையால் அச்சங்கொண்ட தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கலகம் அடங்கிய பின்னும் அச்சட்டம் அடங்கவில்லை. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் மரண தண்டனைக்குள்ளானார். மதுவிலக்கு இயக்கத்தில் நின்ற சேனநாயக்கா சகோதரர், பாரன் ஜயதிலகா முதலிய தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர்.

அந்நாளில் சிங்கள மக்களின் சார்பில் வாய்திறக்கத் துணிந்தார் சிலரே. இராமநாதன் அவர்கள் சட்டநிரூபண சபையில் எழுந்து, இராணுவச் சட்டத்தின் பேரால் நிகழ்ந்த கொடுமைகளை நாளும் இடமும் குறித்து எடுத்துரைத்தார். அறுபத்து நான்கு வயதில், ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்த அக்கடல்வழியே, இங்கிலாந்துக்குச் சென்று முறையிட்டார். சபையில் ஆற்றிய உரைகளைத் திரட்டி 1916-ஆம் ஆண்டில் இலண்டனிலே நூலாக்கினார். சால்மர்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். இராமநாதன் அவர்கள் கொழும்பு மீண்டபோது, சிங்கள மக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, அவர் அமர்ந்த வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர்.

அதேவேளையில், துயருற்ற முஸ்லிம் மக்களின் நெஞ்சில் அவ்வுரைகள் ஆறாத புண்ணை உண்டாக்கின என்பதையும் மறைத்தலாகாது. ஒருபால் நீதி கேட்குங்கால் மறுபாலின் கண்ணீர் மறைந்துவிடும் இடர் பெரியோர்க்கும் நேர்வதேயாம்.

மகளிர் கல்வியும் பரமேசுவரன் சந்நிதியும்

யாழ்ப்பாணத்திலே சைவச் சிறுமியர் கல்வி பெற வேண்டின் மிஷன் பாடசாலைகளையே பெரிதும் நாடவேண்டியிருந்த காலம் அது. கல்வி வேண்டின் சமயம் நழுவும். சமயம் வேண்டின் கல்வி நழுவும். இவ்விரு நிலைக்கும் நடுவே நின்று தவித்த பெற்றோரின் குறை தீர, 1913-ஆம் ஆண்டு சனவரியில், மருதனார்மடத்திலே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியைத் திறந்தார். சைவ ஆசாரமும் தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கற்பிக்கப்பட்ட அக்கல்லூரிக்குக் காந்தியடிகள் 1927-ஆம் ஆண்டு இலங்கைப் பயணத்தின்போது வருகை தந்து மாணவியரிடையே உரையாற்றினார். 1921-ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் ஆண்களுக்கெனப் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். கல்லூரி என்றால் வகுப்பறைகள் மட்டுமல்ல, வழிபடுமிடமும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின் ஆங்கே பரமேசுவரனுக்குக் கோயிலும் எழுந்தது. அரசாங்கம் அவருக்குச் சேர் பட்டம் அளித்ததும் அவ்வாண்டிலேயே.

இறுதிக் காலம்

வண்டியை இழுத்த கைகளும் வண்டியில் அமர்ந்தவரும் பின்னர் ஒரே பாதையிற் செல்லவில்லை. 1919-ஆம் ஆண்டில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராய் அமர்ந்த தம்பியார் அருணாசலம், பிரதிநிதித்துவம் பற்றிய வாக்குறுதி காக்கப்படவில்லையென வருந்தி, ஈராண்டில் அதனின்று விலகினார். அவர் 1924-ஆம் ஆண்டில் தல யாத்திரையின்போது மதுரையிற் சிவபதம் எய்தினார். வடமாகாணப் பிரதிநிதியாய்ச் சபையில் தொடர்ந்த இராமநாதன் அவர்களின் குரல், சிறுபான்மையோரின் அச்சத்தை உரைக்குங் குரலாயிற்று.

டொனமூர் ஆணைக்குழு 1928-ஆம் ஆண்டில் இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கி, வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை அளிக்கப் பரிந்துரைத்தது. அதனை அவர் வன்மையாய் எதிர்த்தார். தொகை மிகுந்தோர் கையில் ஆட்சி முழுதும் சென்றுவிடும் என்பது அவர் கொண்ட அச்சம். எளிய மக்களுக்கும் வாக்களிக்கும் உரிமை உண்டென்பதை ஒப்பாதது அவர் கொள்கையின் குறை. முன்னதன் உண்மையைப் பிற்காலத்து வரலாறு பலவாறு காட்டியது. பின்னதில் காலம் அவரைக் கடந்து சென்றது. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பரிந்துரைகள் 19 வாக்குக்கு 17 என்னும் சிறு வேறுபாட்டிற் சபையில் ஏற்கப்பட்டன. எழுபத்தொன்பதாம் வயதின் தளர்ச்சியையும் பாராது மீண்டும் இலண்டன் சென்று முறையிட்டார். இம்முறை அவர் வழக்கு ஏற்கப்படவில்லை. 1930-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அப்பெருமகனார் இறைவனடி சேர்ந்தார். மருதனார்மடத்துக் கல்லூரி வளாகத்தில், தாம் நட்ட கல்விப் பயிரினிடையே, அவருக்குச் சமாதி அமைந்தது. லீலாவதி அம்மையார் அக்கல்லூரியைத் தொடர்ந்து பேணினார்.

நிலைத்து நிற்பன

அவர் வீற்றிருந்த சட்டநிரூபண சபை அடுத்த ஆண்டிலேயே கலைந்து மறைந்தது. அவர் வாதாடிய அரசியலமைப்புக்களும் ஒன்றன்பின் ஒன்றாய் மாறின. அவர் செய்த அறமோ மாறவில்லை. கொச்சிக்கடையிலே கருங்கற்கோயில் நிற்கின்றது. மருதனார்மடத்திலே சிறுமியர் பாடம் பயில்கின்றனர். பரமேசுவராக் கல்லூரி இருந்த நிலத்திலே 1974-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக வளாகம் தோன்றி, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாய் விளங்குகின்றது. அதன் நடுவே பரமேசுவரன் கோயிலின் மணி இன்றும் ஒலிக்கின்றது. போரும் இடப்பெயர்வும் அந்நிலத்தை வருத்திய காலங்களைக் கடந்தும் அவ்விளக்கு எரிகின்றது.

அதிகாரத்தால் ஆக்கியது அதிகாரத்தோடு செல்லும்; அன்பால் ஈந்தது ஈந்தவர் சென்றபின்னும் நிற்கும். திருப்பணிக்கெனப் பெரும்பொருள் ஈந்த செல்வரும், ஒரு செங்கல்லுக்கான காசை முந்தானையில் முடிந்து கொணர்ந்து கொடுத்த ஏழைத் தாயும் இவ்வுண்மையில் ஒருநிகரானவரே. தந்தையின் கோயிலைக் கல்லாக்கிய அம்மைந்தரின் வாழ்வு நமக்கு உணர்த்துவதும் இதுவே. கும்பாபிஷேகம் நிறைவேறுதல் திருப்பணியின் முடிவன்று. அடுத்த தலைமுறையின் கையில் அதனை ஒப்படைக்கும் நாளின் தொடக்கமாம். அவ்வுணர்வோடு நாம் செய்யும் தொண்டு நிலைபெறவும், எவ்வினத்தார்க்கும் எச்சமயத்தார்க்கும் நீதி வழுவாத நெஞ்சம் நமக்கு வாய்க்கவும், பொன்னம்பலவாணப் பெருமானின் குஞ்சிதபாதங்களை வணங்கி வேண்டுவோமாக.