ஒன்பது விசிறிகள் ஓட்டிய படகு

சேற்றில் மாட்டிய லாரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என்ஜின் உறுமும். சக்கரம் வேகமாகச் சுற்றும். ஆனால் லாரி ஓர் அடிகூட நகராது. பலம் இருந்தும் பயன் இல்லை!

நீரில் ஓடும் ஒரு படகுக்கும் இதே கதி நேர்ந்தது. அதைச் செய்தவர் சார்லஸ் பார்சன்ஸ். மின்சார நிலையங்களில் சுழலும் நீராவி டர்பைனுக்கு வழிகாட்டியவரும் அவரே.

பிரபுவின் மகன்

1854-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி லண்டனில் பார்சன்ஸ் பிறந்தார். அயர்லாந்தில் பர் என்ற ஊரில் அவருடைய குடும்பத்துக்கு ஒரு கோட்டை இருந்தது. தந்தை ரோஸ் பிரபு பெரிய வானநூல் வல்லுநர். 6 அடி அகலமுள்ள உலோக ஆடி வைத்து ஒரு ராட்சத தொலைநோக்கியைக் கட்டியவர்.

பார்சன்ஸ் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆசிரியர்கள் வீட்டுக்கே வந்து பாடம் சொன்னார்கள். கோட்டையில் இருந்த பட்டறையிலே அவர் கைவேலை கற்றார். 1877-ல் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து முடித்தார். பிறகு, பிரபுவின் மகன் என்று பாராமல் நியூகாசில் நகரத் தொழிற்சாலை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்து நீராவி என்ஜினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய் வரும். பார்சன்ஸ் வேறு விதமாக நினைத்தார். வரிசை வரிசையான தகடுகள் மீது நீராவியைப் பாய்ச்சி, அச்சை நேராகவே சுழல வைத்தார். 1884-ல் அவர் செய்த டர்பைன் நிமிஷத்துக்கு 18 ஆயிரம் தடவை சுற்றியது!

1889-ல் கூட்டாளிகளை விட்டு அவர் பிரிய நேர்ந்தது. பேட்டன்ட் உரிமை அவர்களிடமே நின்றுவிட்டது. தாம் கண்டுபிடித்த பொருளைத் தாமே செய்ய முடியாத நிலை! அவர் மனம் தளரவில்லை. சொந்தத் தொழிற்சாலை தொடங்கி, வேறு அமைப்பில் டர்பைன் செய்தார். 1894-ல் பழைய உரிமையும் திரும்பக் கிடைத்தது.

ஓடாத படகு

அதே ஆண்டில் "டர்பினியா" என்ற படகைக் கட்டினார். நீளம் 100 அடி. அகலம் 9 அடிதான். எடை சுமார் 44 டன். உள்ளே டர்பைன். பின்னால் தண்ணீருக்குள் சுழலும் விசிறி ஒன்று. இதைத்தான் புரொப்பெல்லர் என்கிறோம்.

எல்லோரும் ஆவலோடு காத்திருந்தார்கள். படகு ஓடியது. ஆனால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. ஒரு புரொப்பெல்லரைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். அதையும் மாற்றினார். மணிக்கு சுமார் 37 கிலோமீட்டருக்கு மேல் போகவே இல்லை.

குற்றம் எங்கே? டர்பைனிலா, புரொப்பெல்லரிலா? வேறொருவராக இருந்தால் டர்பைனையே கைவிட்டிருப்பார். பார்சன்ஸ் அளந்து பார்த்தார். அச்சின் முறுக்கு விசையை அளக்கும் ஒரு கருவியை அவரே செய்து பொருத்தினார். டர்பைன் பலத்தைச் சரியாகத்தான் கொடுத்தது. அந்தப் பலத்தைப் புரொப்பெல்லர் வீணாக்கியது!

தண்ணீருக்குள் ஓட்டை

காரணம் என்ன? மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். புரொப்பெல்லர் மிக வேகமாகச் சுழலும்போது, அதன் இதழ்களின் முதுகுப்பக்கம் அழுத்தம் மிகவும் குறைந்துவிடும். அங்கே குளிர்ந்த தண்ணீரே ஆவியாகும். குமிழிகள் தோன்றும். பிறகு இதழ் தண்ணீரைத் தள்ளாது; வெறும் ஆவியில் சுழலும். சேற்றில் லாரிச் சக்கரம் வழுக்குவது போலத்தான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பார்சன்ஸ் விரும்பினார். தொட்டியில் கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரை நிரப்பி, 2 அங்குலப் புரொப்பெல்லரைச் சுழல விட்டார். விட்டு விட்டு ஒளிரும் விளக்கை அதன் மேல் பாய்ச்சினார். குமிழிகள் தெளிவாகத் தெரிந்தன!

பரிகாரம் கிடைத்தது. சுமை முழுவதையும் ஒரே புரொப்பெல்லர் மீது ஏற்றக்கூடாது. ஒரு டர்பைனுக்குப் பதில் மூன்று வைத்தார். அச்சுகளும் மூன்று. ஒவ்வொரு அச்சிலும் மூன்று சிறு புரொப்பெல்லர்கள். ஆக மொத்தம் ஒன்பது!

1897-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி. விக்டோரியா மகாராணி பட்டமேறி 60 ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாட, இங்கிலாந்தின் போர்க்கப்பல்கள் ஸ்பிட்ஹெட் கடலில் அணிவகுத்து நின்றன. அவற்றின் நடுவே டர்பினியா அம்பாகப் பாய்ந்தது. காவல் படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. அதன் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல்.

சோதனையும் வெற்றியும்

பிறகும் துன்பம் வந்தது. டர்பைன் பொருத்திய வைப்பர், கோப்ரா என்ற இரண்டு போர்க்கப்பல்களும் 1901-ல் அடுத்தடுத்து மூழ்கின. ஒன்று பாறையில் மோதியது. மற்றொன்று நடுக்கடலில் இரண்டாக உடைந்தது. கோப்ராவில் பார்சன்ஸின் ஊழியர்களும் மாண்டார்கள். ஆனால் குற்றம் டர்பைனுடையது அல்ல. 1906-ல் டிரெட்நாட் போர்க்கப்பலிலும், 1907-ல் மாரிடேனியா பயணிக் கப்பலிலும் டர்பைன்களே சுழன்றன.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. பாரம் ஏற்றி மெதுவாகப் போகும் சரக்குக் கப்பலுக்கு என்ன செய்வது? அதற்குப் பெரிய புரொப்பெல்லர் வேண்டும். அது நிதானமாகச் சுற்றவேண்டும். டர்பைனோ வேகமாகச் சுற்றினால்தான் சிக்கனம். பார்சன்ஸ் வெஸ்பேசியன் என்ற பழைய சரக்குக் கப்பலை வாங்கினார். டர்பைனுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே பல்சக்கரங்களை வைத்தார். டர்பைன் சுமார் 20 தடவை சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு தடவை சுற்றும். புரொப்பெல்லரும் கொதிகலனும் பழையவைதான். ஆனாலும் நிலக்கரிச் செலவு சுமார் 15 சதவீதம் குறைந்தது!

முதல் உலகப்போரில் 1918-ல் ஒரே மகனை இழந்த துயரத்தையும் அவர் தாங்கினார். 1931-ம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, ஜமைக்கா அருகே கப்பல் பயணத்தின்போதே அவர் உயிர் பிரிந்தது.

டர்பினியா இன்றும் நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலம் மட்டும் போதாது, அந்தப் பலம் எங்கே வீணாகிறது என்று அளந்து பார்க்கவும் வேண்டும் என்பதற்கு அந்த ஒன்பது விசிறிகளே சாட்சி.