கிருமிக்குப் பெயரான மாட்டு டாக்டர்



சால்மோனெல்லான்னு ஒரு பாக்டீரியா இருக்கு. பெயரைக் கேட்டா மீன் ஞாபகம் வரும். ஆனா மீனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அது டேனியல் எல்மர் சால்மன் என்ற கால்நடை மருத்துவரின் பெயர். அவர் வாழ்க்கையைத்தான் எழுதுகிறேன்.

சால்மன் 1850 ஜூலை 23-ல் அமெரிக்காவில் நியூஜெர்சியில் பிறந்தார். எட்டு வயசுக்குள்ளே அப்பா, அம்மா ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தார். 1868-ல் கார்னெல் பல்கலைக்கழகம் திறந்ததும் முதல் செட்டிலேயே சேர்ந்துட்டார். பாரிஸ் பக்கத்தில் அல்ஃபோர் கால்நடைப் பள்ளியிலும் சில மாதம் படித்தார். அப்போ நம்ம புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1876-ல் கால்நடை மருத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் அந்தப் பட்டத்தை முதலில் வாங்கியவர் அவர்தான்.

1884-ல் அமெரிக்க அரசு கால்நடைத் துறை தொடங்கி அவரைத் தலைவர் ஆக்கியது. 1905 வரை அதில் இருந்தார். மாடுகளின் நுரையீரலைக் கெடுத்த ஒரு தொற்றுநோயை 1892-ல் அந்த நாட்டில் அடியோடு ஒழித்தார்கள்.

இன்னொரு பக்கம் பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1885-ல் அவருக்குக் கீழே வேலை பார்த்த தியோபால்டு ஸ்மித் நோய்ப்பட்ட பன்றியில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1900-ல் லினியேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதுக்கு சால்மன் பெயரை வைத்தார். கண்டுபிடிச்சது ஸ்மித், பெயர் கிடைச்சது சால்மனுக்கு! பன்றிகளைக் கொன்றது வேறொரு வைரஸ்னு பின்னாடி தெரிஞ்சது. ஆனா சால்மோனெல்லாவும் லேசுப்பட்டது இல்லை. 1914 ஆகஸ்ட் 30-ல் நிமோனியாவால் சால்மன் இறந்தார்.

இவரைப் பற்றி நான் எழுதக் காரணம் எங்க வீட்டு நாய் மணி. பச்சைக்கறி போட்டாத்தான் நாய் வீரமா இருக்கும்னு எங்க தெருவில் சொல்றாங்க. கோழிக்கடைக் குடலையும் தோலையும் அப்படியே போடுறாங்க. பச்சைக் கோழியில் இந்தக் கிருமி இருக்கலாம். சாப்பிட்ட நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, ரத்தபேதி வரலாம். சில நாய் நல்லா ஓடி ஆடும், ஆனா அதோட மலத்தில் கிருமி வெளியே வந்துகிட்டே இருக்கும். அதை நாம கண்ணால பார்க்க முடியாது. என் தம்பிக்கு ஒன்றரை வயசு. மணி சாப்பிட்ட இடத்தில்தான் தவழ்ந்து கையை வாயில் வைப்பான். சின்னப் பிள்ளைகளையும் வயசானவங்களையும் இந்தக் கிருமி ரொம்பப் படுத்தும்.

அதனால எங்க வீட்டில் இப்படிச் செய்கிறோம்:

1. கறியை நல்லா வேகவைத்து, ஆறவைத்துத்தான் மணிக்குப் போடுவோம். ஃபிரிட்ஜில் வைத்தால் கிருமி சாகாது.

2. வேகவைத்த எலும்பைப் போட மாட்டோம். அது சில்லு சில்லாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

3. மணியின் தட்டு தனி. அதைச் சமையல் பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவ மாட்டோம்.

4. பச்சைக்கறி தொட்டாலும், மணியைத் தொட்டாலும் சோப்பு போட்டுக் கை கழுவுவோம்.

நாய்க்கு ரத்தபேதி ஆனா கை வைத்தியம் பார்க்காம கால்நடை டாக்டரிடம் காட்டுங்க. புதுச்சேரி குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கு. சால்மன் படிச்ச படிப்பைப் படிக்க ஆசை இருக்கிறவங்களும் அந்தப் பெயரைக் குறிச்சு வச்சுக்கோங்க. எனக்கு அந்த ஆசை இருக்கு.



ஒன்பதாம் வகுப்பு மாணவி