ஜான் ஆலன் (மாதிரித் தொடர்வண்டிக் கலைஞர்)

ஜான் விட்பி ஆலன் (ஜூலை 2, 1913 - ஜனவரி 6, 1973) அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு புகைப்படக் கலைஞரும் மாதிரித் தொடர்வண்டி அமைப்பாளரும் ஆவார். கலிபோர்னியா மாநிலத்தின் மான்டரே நகரில் தமது வீட்டின் நிலவறையில் அவர் உருவாக்கிய கோரி அண்ட் டெஃபீட்டட் என்னும் மாதிரி இருப்புப்பாதை, இத்துறையில் மிகவும் புகழ்பெற்றவற்றுள் ஒன்றாகும். பளபளக்கும் பொம்மைகளாக இருந்த மாதிரி எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் துருவும் தூசியும் ஏற்றி, அவற்றை உண்மையான வண்டிகளைப் போல் தோன்றச் செய்தவர்களுள் இவர் முன்னோடியாகக் கருதப்படுகிறார். அவரது மறைவுக்குப் பத்து நாட்களுக்குப் பின் நேர்ந்த தீ விபத்தில் அவ்வமைப்பின் பெரும்பகுதி அழிந்துபோனது. இன்று அதனை அறிவதற்கு அவர் எடுத்த புகைப்படங்களே முதன்மையான வழியாக உள்ளன.

வாழ்க்கைச் சுருக்கம்

ஆலன் மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரில் பிறந்தார். இளமையில் தாக்கிய வாதக் காய்ச்சல் அவரது இதயத்தைப் பலவீனப்படுத்தியது. அப்பாதிப்பு வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. பின்னர் லாஸ் ஏஞ்சலசில் புகைப்படத் தொழிலில் ஈடுபட்டார். கவனமாகச் செய்த முதலீடுகளின் வருவாயால், முப்பதுகளிலேயே தொழிலை விட்டு விலகி 1946 அளவில் மான்டரேயில் குடியேறினார். அதன்பின் அவரது வாழ்க்கையின் பெரும்பகுதி மாதிரித் தொடர்வண்டிக்கே செலவாயிற்று.

பெயர்

இருப்புப்பாதையின் பெயரே ஒரு சொல் விளையாட்டு. கோரி, டெஃபீட்டட் ஆகியவை அப்பாதையிலுள்ள இரு கற்பனை ஊர்கள். எழுத்தில் பார்த்தால் வேற்றுமொழி ஊர்ப்பெயர்கள் போலத் தோன்றும் இவற்றை வாய்விட்டுப் படித்தால், குருதி சிந்தித் தோற்றுப்போனது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் ஒலிக்கும். அங்கு பெட்டிகளைத் தள்ளி நிறுத்தும் பணிக்கு எஞ்சினுக்குப் பதிலாக எம்மா என்ற பெயருடைய ஸ்டெகோசாரஸ் டைனோசர் ஒன்றும் இருந்தது. உண்மைத் தோற்றத்திற்காக இவ்வளவு உழைத்த ஒருவர் டைனோசரையும் தண்டவாளத்தில் நிறுத்தியது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். ஆலனுக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அமைப்பும் நிலக்காட்சியும்

முதல் அமைப்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் கொண்ட ஒரு மேசையளவே இருந்தது. அதனை அவர் கைவிடவில்லை. பின்னர் 1950களில் தொடங்கிய மூன்றாவது, மிகப் பெரிய அமைப்பினுள் அதனையும் ஒரு பகுதியாகப் பொருத்திக்கொண்டார். இம்மூன்றாவது அமைப்பில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்தார்.

ஆலன் பயன்படுத்தியது எச்.ஓ எனப்படும் அளவுமுறையாகும். இதில் ஒவ்வொரு பொருளும் உண்மையளவில் 87இல் ஒரு பங்காகச் சுருக்கப்படுகிறது. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். 12 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டி இவ்வளவில் 14 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் நிலப்பரப்பு அவ்வாறு அடங்குவதில்லை. ஒரு கிலோமீட்டர் தொலைவைக் காட்ட 11.5 மீட்டர் நீள அறை வேண்டும். 100 மீட்டர் ஆழமுள்ள பள்ளத்தாக்குக்கு 115 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். மலைநாட்டு இருப்புப்பாதையை அமைக்க விரும்பிய ஆலனுக்கு இதுவே பெரிய சிக்கலாக இருந்தது.

இதற்கு அவர் பல வழிகளில் தீர்வு கண்டார். மேசைமேல் நிலக்காட்சி அமைக்கும் வழக்கத்தை விட்டு, தரையிலிருந்து கூரையை நெருங்கும் வரை மலைகளை எழுப்பினார். பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதி அறையின் தரையைத் தொட்டது. பாலங்கள் பார்வையாளரின் கண்மட்டத்தில் சென்றன. தொலைவில் இருப்பனவற்றை இன்னும் சிறிய அளவில் செய்து வைத்து, ஆழம் இருப்பதாகக் கண்ணை நம்பவைத்தார். கண்ணாடிகளை மறைவான கோணங்களில் பொருத்தி, ஒரு தெருவை இரு மடங்கு நீளமாகக் காட்டினார். கண்ணாடி என்று தெரிந்துவிட்டால் மாயம் கலைந்துவிடும். ஆகவே அதன் விளிம்பைக் கட்டடம், பாலம் போன்றவற்றால் மறைப்பதும், பார்வையாளர் தம் முகத்தையே அதில் காணாதவாறு சாய்வைத் தேர்வதும் இன்றியமையாதன. இந்த நுட்பத்தை ஆலன் அளவுக்குத் துணிந்து பயன்படுத்தியவர்கள் சிலரே.

எஞ்சின்களும் பெட்டிகளும்

1940களில் மாதிரி வண்டி என்றால் புதிய வண்ணப்பூச்சும் கூர்மையான எழுத்துகளும் கொண்டதாகவே இருந்தது. உண்மையான நீராவி எஞ்சினோ கரிப்புகையும் எண்ணெய்க் கசிவும் படிந்தது. கொதிகலன் நீர் வழிந்த இடங்களில் வெண்ணிற உப்புத் தடம் இருக்கும். மரப்பெட்டிகளின் பலகைகள் வெயிலில் வெளுத்து, ஒன்றுக்கொன்று நிறம் மாறியிருக்கும். ஆலன் தமது வண்டிகளிலும் கட்டடங்களிலும் இவற்றையெல்லாம் கொண்டுவந்தார். விலை கொடுத்து வாங்கிய அழகிய எஞ்சினின் மேல் அழுக்கைப் பூசுவது அக்காலத்தில் பலருக்கு ஒவ்வாததாக இருந்தது. எனினும் அவரது எஞ்சின் கொட்டகை மாடல் ரெயில்ரோடர் இதழின் போட்டியில் முதற்பரிசு பெற்றது. படிப்படியாக இம்முறை பொதுவழக்காயிற்று. இன்று பழமைப்படுத்தப்படாத வண்டியைத்தான் முடிக்கப்படாத வேலையாகப் பலர் கருதுகின்றனர்.

புகைப்படங்கள்

ஆலனின் புகழுக்கு அவரது புகைப்படத் தொழிலறிவு முக்கிய காரணமாகும். சிறிய பொருளை அண்மையில் வைத்துப் படமெடுத்தால் முன்புறம் மட்டுமே தெளிவாக விழும், பின்னணி மங்கிப்போகும். இந்த மங்கலே பார்ப்பவருக்கு அது பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆலன் மிகச் சிறிய ஒளித்துளையைப் பயன்படுத்தி, முன்னே நிற்கும் எஞ்சினும் பின்னேயுள்ள மலையும் ஒருசேரத் தெளிவாக விழும்படி செய்தார். துளை சிறியதாக இருக்கும்போது, அதற்கு ஈடாக ஒளிபடும் நேரத்தை நீட்டவேண்டும். அதுவரை காட்சியில் எதுவும் அசையக்கூடாது. வார்னி என்ற மாதிரி வண்டி நிறுவனத்தின் விளம்பரங்களுக்கும் அவர் படமெடுத்தார். மான்டரேக்கு ஒருபோதும் செல்லாத ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் அவரது இருப்புப்பாதையை அறிந்தது இதழ்களில் வெளியான இப்படங்கள் வழியாகவே ஆகும்.

டைம்சேவர்

இவ்விருப்புப்பாதை காட்சிக்காக மட்டும் அமைக்கப்பட்டதன்று. நண்பர்கள் கூடி, ஒருவர் வண்டிகளின் போக்கைக் கட்டுப்படுத்த, மற்றவர்கள் ஓட்டுநர்களாக இருந்து, கால அட்டவணைப்படி சரக்கு வண்டிகளை இயக்கினர். இந்த ஆர்வத்திலிருந்து பிறந்ததே டைம்சேவர் என்னும் ஷண்டிங் புதிர். இது 1972இல் மாடல் ரெயில்ரோடர் இதழில் வெளிவந்தது. ஒரு பலகையில் ஐந்து தடமாற்றிகளும் சில குறுகிய பக்கத்தடங்களும் ஓர் எஞ்சினும் சில பெட்டிகளும் இருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் குறித்த இடத்தில் மிகக் குறைந்த நேரத்தில் சேர்க்கவேண்டும். பக்கத்தடங்களின் நீளம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருப்பதால், ஒரு பெட்டியை நகர்த்த மற்றொன்றை முதலில் வெளியே எடுக்கவேண்டி வரும். முட்டுத்தடத்தில் கடைசியாக நுழைந்த பெட்டியே முதலில் வெளியே வரமுடியும் என்பதால், கணினியியல் படித்தவர்களுக்கு இது அடுக்கு என்ற தரவுக் கட்டமைப்பை நினைவூட்டும். உலகின் பல நாடுகளில் இப்புதிர் இன்றும் விளையாடப்படுகிறது.

மறைவும் தீ விபத்தும்

1973 ஜனவரி 6 அன்று ஆலன் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 59. இருப்புப்பாதையில் செய்யவேண்டிய வேலைகள் இன்னும் எஞ்சியிருந்தன. அதன் எதிர்காலம் முடிவாவதற்குள், பத்து நாட்களுக்குப் பின் வீட்டில் தீப்பற்றியது. மரச்சட்டங்கள், அட்டைக் கட்டடங்கள், வண்ணப்பூச்சுகள் எனத் தீக்கு இரையாகக்கூடியவை ஒரே அறையில் நிறைந்திருந்தன. ஒருவர் இருபது ஆண்டுகளில் தம் கையால் செய்தவற்றில் பெரும்பகுதி அழிந்தது.

மாடல் ரெயில்ரோடர் இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட், ஆலனின் பணிகளையும் புகைப்படங்களையும் தொகுத்து ஒரு நூல் எழுதினார். வெஸ்ட்காட் 1980இல் இறந்ததால், அந்நூல் அவரது மறைவுக்குப் பின்னர் 1981இல் வெளியாயிற்று. ஜார்ஜ் செலியோஸ் என்ற அமெரிக்க மாதிரி அமைப்பாளர், ஆலனின் பரிசு பெற்ற எஞ்சின் கொட்டகையைப் பின்பற்றி ஒரு மரக் கட்டுமானத் தொகுப்பை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்.