ரட்ஜ் மோட்டாரைப் பிரித்துப் போட்ட ஜி.டி.நாயுடு

காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடிய ஸ்க்ரேம்ப்ளர் மோட்டார் ஒன்று, பெரும் இரைச்சலோடு கிள்ளானில் உள்ள என் மாமாவின் பட்டறைக்கு வந்தது. கிராங்க் பேரிங் போய்விட்டது. பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறோமே என்ற துணிச்சலில், நானே மாற்றுகிறேன் என்று இறங்கினேன். புதுப் பேரிங்கைக் கேஸின் மேல் வைத்து, உள்வளையத்தில் சுத்தியலால் தட்டி இறக்கினேன். இரண்டே வாரத்தில் மீண்டும் அதே இரைச்சல்.

மாமா திட்டவில்லை. அடுத்த பேரிங்கை ஐஸ்பெட்டியில் வைத்தார். அலுமினியக் கேஸை ஏறக்குறைய 100 டிகிரிக்குச் சூடாக்கினார். சூட்டில் கேஸ் விரிய, குளிரில் பேரிங் சுருங்க, தட்டாமலே அது உள்ளே இறங்கியது. உள்வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். பெட்டியில் இருந்த சி3 என்ற குறியையும் அன்றுதான் கவனித்தேன். உள்ளே வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி உள்ள வகை அது. இறுக்கமாகப் பொருத்தும்போது வெளிவளையம் நெருக்கப்பட்டு அந்த இடைவெளி குறைந்துவிடும். அதற்கும் இடம்விட்டுத்தான் பேரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

வேலை முடிந்ததும் மாமா ஜி.டி.நாயுடுவைப் பற்றிச் சொன்னார். அப்புறம் நானே தேடிப் படித்தேன்.

1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் தேதி, கோயம்புத்தூர் அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. இளைஞராக இருந்தபோது, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்த்தார். இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட வண்டி அது. அதை வாங்கியே தீருவது என்று கோயம்புத்தூருக்குப் போய், ஓட்டலில் பரிமாறுபவராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கியும்விட்டார்.

வாங்கியவர் அதை ஓட்டியதோடு நிற்கவில்லை. பிரித்துப் போட்டார், திரும்பப் பூட்டினார். நண்பர்களே, எனக்கு வியப்பு பூட்டியதில் இல்லை, பிரித்ததில்தான். உழைத்துச் சேர்த்த பணம் முழுவதும் தரையில் நட்டும் போல்ட்டுமாகக் கிடக்கிறது. தவறாகத் தட்டினால் அவ்வளவுதான். எனக்காவது பக்கத்தில் மாமா இருந்தார்.

1920இல் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அதுவே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். மின் சவரக்கருவி, இருவர் போகும் கார் என்று அவர் செய்தவை இன்னும் உண்டு. கார் உற்பத்திக்கு மட்டும் அரசு உரிமம் கிடைக்கவில்லை.

நம்மைத் தொடும் செய்தி வேறு. 1945இல் ஆர்தர் ஹோப் பெயரில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக முன்னின்று, அதன் முதல்வராகவும் இருந்தார். ஆனால் பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் வீண், குறைந்த காலத்திலேயே கற்றுத் தரலாம் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை; பதவியை விட்டு விலகினார். கோயம்புத்தூரில் அந்த இடத்தை மக்கள் இன்றும் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள்.

இதில் நான் அவரோடு முழுதாக உடன்படவில்லை. உலோகம் ஏன் விரிகிறது, எவ்வளவு விரியும் என்ற கணக்கு எனக்கு வகுப்பறையில்தான் கிடைத்தது. ஆனால் அந்தக் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகுதான், சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அந்த ஸ்க்ரேம்ப்ளர் இப்போதும் காப்பாரில் ஓடுகிறது. நான் கெடுத்த பேரிங்குக்கான பணத்தை மாமா என் விடுமுறைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டார்.