கார்ல் சாகன்: வரப்போகும் செய்திக்கு நம்மைத் தயார் செய்தவர்

வேற்றுக்கிரகவாசிகள் என்றதும் நமக்கெல்லாம் சினிமாவும், வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான வீடியோக்களும்தான் நினைவுக்கு வரும். அப்படி ஒரு செய்தி என்றாவது உண்மையாகவே வந்தால் மனிதர்கள் என்ன செய்ய வேண்டும், எப்படி நம்ப வேண்டும், யார் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி வாழ்நாள் முழுக்க யோசித்த விஞ்ஞானி ஒருவர் இருந்தார். அவர் அமெரிக்க வானியல் அறிஞர் கார்ல் சாகன்.

1934 நவம்பர் 9-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அப்பா உக்ரைன் பக்கத்திலிருந்து குடியேறிய யூதர், துணி தைக்கும் தொழிலில் இருந்தவர். பெரிய வசதி இல்லை. சின்ன வயதில் நட்சத்திரம் என்றால் என்ன என்று கேட்டபோது வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. நூலகத்துக்குப் போய் நட்சத்திரங்களைப் பற்றிப் புத்தகம் கேட்டான் பையன். அங்கிருந்தவர் சினிமா நட்சத்திரங்களின் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாராம்! அப்புறம் சரியான புத்தகம் கிடைத்தது. நட்சத்திரங்கள் எல்லாம் வெகு தூரத்தில் இருக்கும் சூரியன்கள் என்று அதில் படித்தான். அப்படியானால் அவற்றைச் சுற்றியும் பூமிகள் இருக்குமே, அங்கேயும் யாராவது இருப்பார்களே என்ற எண்ணம் அப்போது பிடித்ததுதான், கடைசி வரை விடவில்லை.

இன்னொரு சம்பவம். 1939-ல் நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்குப் பெற்றோர் அழைத்துப் போனார்கள். ஐயாயிரம் வருடம் கழித்துத் திறப்பதற்காக அன்றைய பொருட்களை ஓர் உலோகக் கூட்டில் வைத்து அங்கே பூமிக்குள் புதைத்திருந்தார்கள். முகம் தெரியாதவர்களுக்கு நாம் இன்னார் என்று சொல்லி வைக்கும் அந்த ஏற்பாடு அவர் மனதில் தங்கிவிட்டது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்து 1960-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பேங்க் என்ற இடத்தில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. வேற்று உலகத்தாரை ரேடியோ மூலம் தேடலாமா என்பதுதான் பொருள். வந்தவர்கள் சுமார் பத்துப் பேர். சாகனுக்கு வயது 26. நம் நட்சத்திர மண்டலத்தில் நம்மோடு பேசக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்று கணக்கிட, பிராங்க் டிரேக் ஒரு சமன்பாட்டை முன்வைத்தார். எத்தனை நட்சத்திரங்கள், எத்தனை கிரகங்கள் என்று வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு நாகரிகம் எத்தனை காலம் தாக்குப்பிடிக்கும் என்ற எண்ணில் முடியும் கணக்கு அது. அமெரிக்காவும் ரஷ்யாவும் அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்த நேரம். இந்தக் கடைசி எண்தான் சாகனை அதிகம் உறுத்தியது.

இதற்கிடையில் பறக்கும் தட்டு மோகம் அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்தது. விமானப்படையின் பறக்கும் தட்டு விசாரணையைப் பரிசீலிக்க 1966-ல் அமைத்த குழுவில் சாகனும் இருந்தார். வேற்று உலகத்தார் இருக்கக் கூடும் என்று இவரே சொல்பவர், ஆனாலும் வந்து இறங்கிவிட்டார்கள் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் எதுவும் இல்லை என்பதில் உறுதியாக நின்றார். அதற்காக நம்புகிறவர்களை ஏளனம் செய்து ஒதுக்கவும் இல்லை. 1969-ல் பாஸ்டனில் இரு தரப்பாரையும் ஒரே மேடையில் பேச வைத்தார். சக விஞ்ஞானிகளில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஏற்கெனவே 1968-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தர வேலை தர மறுத்திருந்தது. அவர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், கடைசி வரை அங்கேயே இருந்தார்.

1972-ல் பயனியர் 10 விண்கலம் கிளம்பியபோது, சாகனும் டிரேக்கும் தயாரித்த ஒரு சின்னத் தகடு அதில் போனது. ஓர் ஆண், ஒரு பெண், சூரியன் இருக்கும் இடம். படத்தை வரைந்தவர் சாகனின் மனைவி லிண்டா. வேற்று உலகத்தார் என்ன சொல்வார்களோ, இங்கே இருப்பவர்கள் நிர்வாணப் படம் அனுப்பிவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். ஆண் மட்டும் கை தூக்கி வணக்கம் சொல்கிறான், பெண் சும்மா நிற்கிறாளே என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

1974-ல் போர்ட்டோ ரிக்கோவில் அரேசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து, சுமார் 25,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவான ஒரு செய்தியை அனுப்பினார்கள். அனுப்பியவர் டிரேக், எழுதுவதில் சாகனுக்கும் பங்கு உண்டு. யாரைக் கேட்டு அனுப்பினீர்கள் என்று இங்கிலாந்தின் மார்ட்டின் ரைல் என்ற நோபல் பரிசாளர் கண்டித்தார். என்னைக் கேட்டால் ரைல் பக்கம்தான் நியாயம். தண்ணீர்த் தொட்டிக்குப் பெயின்ட் அடிக்கவே நாம் பொதுக்குழு கூட்டுகிறோம். பூமி முழுவதன் பெயரில் கடிதம் போடுவதென்றால் நாலு பேரைக் கேட்டிருக்க வேண்டும்.

1977-ல் வாயேஜர் விண்கலங்களில் வைத்த தங்க முலாம் பூசிய இசைத்தட்டில் அந்தக் குறை ஓரளவு சரியானது. சாகன் தலைமையில் ஒரு குழு சில மாதங்களுக்குள் அவசரமாகத் தயாரித்தது. 55 மொழிகளில் வாழ்த்து, 27 இசைத் துண்டுகள், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், மழை, இடி, குழந்தை அழும் சத்தம். கேசர்பாய் கேர்க்கர் பாடிய பைரவி ராகம் அதில் இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. வேண்டுமென்று விட்டதல்ல. பல்கலைக்கழகத்திலும் அக்கம்பக்கத்திலும் கிடைத்தவர்களைப் பேச வைத்துத்தான் பெரும்பாலான வாழ்த்துகளைப் பதிவு செய்தார்கள். நமக்கு மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும். ஆனால் 1980-ல் வந்த அவருடைய காஸ்மோஸ் தொலைக்காட்சித் தொடரின் பத்தாவது பகுதியில் தமிழ்நாட்டுப் பொங்கலும், சோழர் காலத்து நடராசரும் வருகிறார்கள். கோடானுகோடி வருடங்களில் காலத்தைக் கணக்கிட்ட நம் புராணங்களை வியந்து பேசுகிறார்.

பணம் விஷயத்தில்தான் பெரிய போராட்டம். வேற்று உலகத் தேடலை வீண் செலவு என்று கேலி செய்து வந்த செனட்டர் பிராக்ஸ்மயர், 1981-ல் நாசாவின் அந்தத் திட்டத்துக்கு நிதியையே நிறுத்தினார். சாகன் நேரில் போய்ப் பார்த்தார். தொலைவிலிருந்து ஒரே ஒரு செய்தி வந்தாலும், அறிவியல் வளர்ந்த பிறகும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளாமல் பிழைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி என்று எடுத்துச் சொன்னார். செனட்டர் எதிர்ப்பை விட்டுவிட்டார். மறு வருடம் ஏழு நோபல் பரிசாளர்கள் உட்படப் பல நாட்டு விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கித் தேடலுக்கு ஆதரவாக ஒரு மனுவையும் வெளியிட்டார்.

சாகனின் தன்மை முழுதாகத் தெரிவது இனிமேல்தான். அவர் சேர்ந்து தொடங்கிய கிரகவியல் சங்கத்தின் ஆதரவில், பால் ஹோரோவிட்ஸ் என்ற விஞ்ஞானி 1985 முதல் 80 லட்சத்துக்கும் அதிகமான ரேடியோ அலைவரிசைகளை ஒரே சமயத்தில் கேட்கும் கருவியை நடத்தினார். ஐந்து வருடத் தேடலில் 37 சந்தேகத்துக்குரிய சமிக்ஞைகள் மிஞ்சின. பலமானவற்றில் சில நம் பால்வீதி இருக்கும் பக்கத்திலிருந்தே வந்தன. சிறு வயதிலிருந்து காத்திருந்த மனிதர்! ஆனால் திரும்பிப் போய்க் கேட்டபோது ஒன்றுகூட மறுபடி வரவில்லை. வங்கியில் டேலி ஆகாத பேரேட்டை ஆகிவிட்டது என்று யாரும் மூடுவதில்லை. அவரும் மூடவில்லை. 1993-ல் இருவரும் எழுதிய கட்டுரையில், கிடைத்ததை எல்லாம் சொல்லிவிட்டு, இவற்றை நாகரிகத்தின் அடையாளம் என்று கொள்ள முடியாது என்றே முடித்தார்கள்.

அதே வருடம் இன்னொரு கட்டுரையும் வந்தது. வியாழனுக்குப் போகிற வழியில் 1990 டிசம்பரில் பூமியைக் கடந்த கலிலியோ விண்கலத்தின் கருவிகளைக் கொண்டு, பூமியில் உயிர் இருப்பதைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சோதித்துப் பார்த்தார் சாகன். காற்றில் ஆக்ஸிஜனும் மீத்தேனும் சேர்ந்திருப்பதை வைத்து உயிரை ஊகிக்க முடிந்தது. அறிவுள்ளவர்கள் இருப்பதற்குக் கிடைத்த நல்ல அடையாளம் நம் ரேடியோ ஒலிபரப்புகள்தான். வெளியே தேடும் முறை சரியா என்று தெரிந்துகொள்ள, சொந்த வீட்டிலேயே ஒத்திகை பார்த்த மாதிரி.

1992 அக்டோபரில் நாசா பெரிய அளவில் தேடலைத் தொடங்கியது. ஒரே வருடத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் மறுபடியும் பணத்தை நிறுத்திவிட்டது. அதன் பிறகு சாகனுக்கு எலும்பு மஜ்ஜை நோய் வந்தது. தங்கை மூன்று முறை மஜ்ஜை கொடுத்தும் பலனில்லை. 1996 டிசம்பர் 20-ல், 62 வயதில், சியாட்டில் நகரில் காலமானார்.

அவர் 1985-ல் எழுதிய கான்டாக்ட் நாவலில் வேகா நட்சத்திரத்திலிருந்து செய்தி வருகிறது. அதை வைத்து அரசாங்கங்கள், மதத் தலைவர்கள், வியாபாரிகள் எல்லாரும் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதுதான் கதையின் பெரும்பகுதி. அவர் இறந்து ஏழு மாதம் கழித்து, 1997 ஜூலையில் அது சினிமாவாக வந்தது. பேரக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். காஸ்மோஸ் பத்தாவது பகுதியையும் சேர்த்தே போடுங்கள்.