இசை மேதை ஸ்காட் ஜாப்லின்

காக்ஸ் டவுனில் மாலை வேளையில் நடந்து செல்லும் நம் மாணவ நண்பர்கள், பழைய ஓட்டு வீடு ஒன்றிலிருந்து பியானோ ஒலி மிதந்து வருவதைக் கேட்டிருக்கலாம். 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தண்டுப் பகுதியைச் சேர்ந்தது இது. படையோடு வந்து குடியேறிய தமிழரும், ஆங்கிலோ இந்தியரும் இப்பகுதியில் அருகருகே வாழ்ந்தனர். ஆதலின் கூடத்தில் பியானோ இருப்பது இங்கே புதுமையன்று. பியானோ பயிலும் பிள்ளைகள் ஆர்வத்தோடு வாசிக்கும் இசைகளுள் ஒன்று ‘தி என்டர்டெய்னர்’. துள்ளும் நடை, கேட்டவுடன் கால் தாளமிடும். ஆனால் அதை இயற்றியவர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். அவர்தாம் ஸ்காட் ஜாப்லின்.

அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1865இல். அதற்கு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தார் ஜாப்லின். 1867இன் பிற்பகுதியா, 1868இன் தொடக்கமா என்று கூடத் திட்டமாகச் சொல்ல முடியாது. அடிமையாய் இருந்தவன் வீட்டுக் குழந்தைக்குப் பிறந்த நாள் எழுதி வைப்பார் யார்? தந்தை ஜைல்ஸ் வயலின் வாசிப்பார்; தாய் பிளாரன்ஸ் பாடுவார், பாஞ்சோ மீட்டுவார். தந்தை குடும்பத்தைவிட்டுப் பிரிந்தபின் தாயே வெள்ளையர் வீடுகளில் துணி வெளுத்தும் வீடு துடைத்தும் பிள்ளைகளைக் காத்தார். வேலைக்குப் போகும் வீட்டில் பியானோ இருந்தால், தம் மகன் அதில் பழக இசைவு கேட்பார். தாய் தரையைத் துடைக்க, மகன் பியானோ பழகினான்!

டெக்ஸர்கானா என்னும் அவ்வூரில் ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய இசையாசிரியர் இருந்தார். அவர் சிறுவனின் திறமையைக் கண்டு, கூலி வாங்காமல் ஐரோப்பிய இசையைக் கற்பித்தார். ஆசிரியர் முதுமையுற்று நலிந்தபோது ஜாப்லின் அவருக்குப் பணம் அனுப்பி வந்தார் என்று அவர் மனைவி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நன்றி மறவாத நெஞ்சம் அது.

இளமையில் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். கறுப்பின இசைஞருக்கு அந்நாளில் கிடைத்த மேடைகள் எவை? பெரும்பாலும் மதுக்கடைகளும் பரத்தையர் விடுதிகளுமே. அங்கேதான் ராக்டைம் என்னும் இசை வளர்ந்து கொண்டிருந்தது. இடது கை, அணிவகுப்புக்குரிய சீரான தாளத்தைத் தவறாமல் போட்டுக்கொண்டே இருக்கும். வலது கை அத்தாளத்திற்குச் சற்று முன்னும் பின்னுமாகத் தள்ளி இசையை எடுக்கும். நம் இசையில் தாளத்திற்கு முன்னே தொடங்குவதை அதீத எடுப்பு என்றும், பின்னே தொடங்குவதை அநாகத எடுப்பு என்றும் சொல்கிறோம் அல்லவா? அத்தகைய இன்பமே இதிலும் உண்டு. ஒரு கை ஒழுங்கு. மறு கை குறும்பு. இரண்டும் மோதாமல் ஒன்றுபடுவதே ராக்டைமின் அழகு.

1894இல் மிசௌரி மாநிலத்துச் சிடேலியா நகருக்கு வந்தார் ஜாப்லின். பிறருக்குப் பியானோ கற்பித்துக்கொண்டே தாமும் அங்கிருந்த கல்லூரியில் இசை பயின்றார். 1899இல் ‘மேப்பிள் லீஃப் ராக்’ வெளிவந்தது. சிறு தொகை ஒன்றைப் பெற்றுக்கொண்டு பாட்டின் உரிமையை விற்றுவிடுவதே அந்நாளில் பெரிய வழக்கம். ஜாப்லின் அவ்வாறு விற்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு சென்ட் தமக்கு வரவேண்டும் என்று பதிப்பாளர் ஜான் ஸ்டார்க்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். முதல் ஆண்டில் விற்றவை ஏறத்தாழ 400 படிகள். பத்தாண்டுகளில் அது ஐந்து இலட்சத்தை எட்டியது என்பர். அவ்வாறாயின் அவருக்குக் கிடைத்தது 5,000 டாலர், பெருஞ்செல்வமன்று. ஆயினும் தம் படைப்புக்குத் தாமே உரியவர் என்று ஒரு கறுப்பர் கையெழுத்திட்டுப் பெற்ற உரிமை அது!

புகழோடு துயரும் வந்தது. 1903இல் ‘எ கெஸ்ட் ஆஃப் ஆனர்’ என்னும் இசை நாடகத்தோடு பயணம் புறப்பட்டார். வசூலான பணம் திருட்டுப்போனது. நாடகத்தின் இசைச்சுவடியும் தொலைந்தது. இன்றுவரை அது கிடைக்கவில்லை. 1904இல் பிரெடி அலெக்சாண்டர் என்னும் இளம்பெண்ணை மணந்தார். பத்து வாரங்களில் அவள் நுரையீரல் காய்ச்சலால் மாண்டாள்.

1907இல் நியூயார்க் சென்றார். அங்கே ராக்டைம் வேடிக்கைப் பொருளாகிவிட்டிருந்தது. யார் விரைவாக வாசிப்பார் என்று போட்டி வேறு! ஜாப்லின் உளம் நொந்தார். ராக்டைமை ஒருநாளும் விரைந்து வாசிக்கலாகாது என்று தம் இசைத்தாள்களின் தலைப்பிலேயே அச்சிட்டார். 1908இல் பயிற்சிப் பாடங்கள் ஆறு கொண்ட நூல் ஒன்றையும் வெளியிட்டார். தம் மக்களின் இசை குடிகாரர் முன் காட்டும் வித்தையன்று. கற்று, எழுதி, காக்கத்தக்க கலை என்பதே அவர் கொள்கை.

அக்கொள்கையின் உச்சம் ‘ட்ரீமோனிஷா’ என்னும் இசை நாடகம். மரத்தடியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பெண் குழந்தை. வளர்த்த தாயும் தந்தையும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்குத் துணி வெளுத்தும் விறகு பிளந்தும் அதற்கு ஈடாக மகளுக்குக் கல்வி பெற்றுத் தருகின்றனர். கற்ற அப்பெண், மந்திரம் மாயம் என்று மக்களை ஏய்ப்போரை எதிர்க்கிறாள். முடிவில் ஊரார் அவளையே தலைவியாக ஏற்கின்றனர். ஜாப்லினின் தாயை இக்கதையில் நாம் காணவில்லையா? பதிப்பாளர் முன்வராமையால் 1911இல் தாமே செலவிட்டு அச்சிட்டார். 1915இல் ஹார்லத்தில் ஆர்க்கெஸ்ட்ராவும் இல்லை, காட்சித் திரையும் இல்லை. தாமே பியானோ வாசித்து அரங்கேற்றினார். வரவேற்பு இல்லை. அவர் உள்ளம் உடைந்தது. முன்னரே பற்றியிருந்த மேகநோய் மூளையையும் தாக்கியது. 1917 ஏப்ரல் 1 அன்று மனநோய் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. கல்லறையில் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

அவர் மறைவுக்குப்பின் ராக்டைம் ஜாஸில் கரைந்தது. அந்த ஜாஸ் நம் நாட்டிற்கும் வந்தது. டெடி வெதர்ஃபோர்டு என்னும் கறுப்பினப் பியானோக் கலைஞர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாசித்து, 1945இல் கல்கத்தாவிலேயே காலராவுக்கு இரையானார். 1970இல் ஜோஷுவா ரிஃப்கின், ஜாப்லின் விரும்பியவாறே நிதானமாக வாசித்து இசைத்தட்டு வெளியிட்ட பின்னர்தான் உலகம் விழித்தது. 1973இல் ‘தி ஸ்டிங்’ திரைப்படம் ‘என்டர்டெய்னரை’ வீடுதோறும் கொண்டுசென்றது.

அக்காலம் முதல் புதிய ராக்குகளும் பிறந்தன. வில்லியம் போல்கம் தம் மறைந்த தந்தையை நினைந்து 1970இல் ‘கிரேஸ்ஃபுல் கோஸ்ட் ராக்’ எழுதினார். டேவிட் தாமஸ் ராபர்ட்ஸ், நிலநடுக்கத்தில் வாடியோருக்கு உதவி எடுத்துச் சென்றபோது விமான விபத்தில் மாண்ட விளையாட்டு வீரர் ரொபர்ட்டோ கிளமென்ட்டேயின் பெயரில் 1979இல் ஒன்று இயற்றினார். பழைய ராக்கில் பெரும்பாலும் நான்கு பகுதிகள், பகுதிக்குப் பதினாறு தாள அளவுகள், ஆடுதற்கேற்ற நடை. புதியதில் சுரக்கூட்டுகள் துணிவு மிக்கவை; நடை நெகிழ்வுடையது; அமர்ந்து கேட்டு உருகுதற்குரியது. பழையது களிப்பு, புதியது துயரம் என்று சிலர் எளிதாகப் பிரித்துவிடுவர். அது பொருந்தாது. ஜாப்லினின் ‘சோலஸ்’, ‘மேக்னெட்டிக் ராக்’ ஆகியவற்றைக் கேட்போர், புன்னகைக்குள் மறைந்த கண்ணீரை அங்கேயே காண்பர். புதியவர் சென்ற வழியைத் திறந்துவைத்தவர் அவரே. ஆனால் ஒன்றை மறுக்க இயலாது. புதியவருக்குக் கச்சேரி மண்டபம் காத்திருந்தது. ஜாப்லினுக்கு அதன் கதவு திறக்கவில்லை.

1974இல் அவர் கல்லறைக்குப் பெயர்க்கல் வைத்தனர். 1976இல் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கினர். மறைந்து ஐம்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து!

தோழர்களே! பிறப்பினால் சிலரைத் தாழ்த்தி, அவர் கையிலிருந்த பறையையும் தாழ்த்தியது நம் நாடு. இன்று கல்லூரி மேடைகளில் அப்பறை முழங்குகிறது, மகிழ்கிறோம். ஆனால் அதைக் காத்துத் தந்த கலைஞருக்கு அவர் வாழும் நாளிலேயே இருக்கை தந்திருக்கிறோமா? இறந்தபின் கல் நாட்டுவது எளிது. காக்ஸ் டவுன் வீதியில் அந்தத் துள்ளும் இசையைக் கேட்கும்போதெல்லாம் இக்கேள்வி நம் நெஞ்சில் எழட்டும்.