கோபித்துக்கொண்ட தீர்க்கதரிசி



யோனா என்றவுடனே சண்டே ஸ்கூல் பிள்ளை முதல் பெரியவர் வரை எல்லாருக்கும் மீன்தான் ஞாபகம் வரும். அந்த மீன் மூன்றே வசனங்களில் வந்து போய்விடுகிறது. அந்த மனுஷனுடைய மனசைக் கொஞ்சம் பார்ப்போம்.

இவர் அமித்தாயின் குமாரன். ஊர் காத்தேப்பேர், நாசரேத்துக்குப் பக்கம். (கலிலேயாவிலிருந்து தீர்க்கதரிசி எழும்பமாட்டான் என்று பிற்பாடு பரிசேயர் வாதாடினார்களே, இவரை எப்படித்தான் மறந்தார்களோ!) 41 வருஷம் ஆண்ட இரண்டாம் யெரொபெயாமின் நாட்களில், இழந்துபோன எல்லை திரும்பக் கிடைக்கும் என்று இவர் சொன்னார், கிடைத்தது. இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தில் இருக்கிறது. ஜனங்களுக்கு இனிப்பான தீர்க்கதரிசனம்தான்.

அப்படிப்பட்டவரை ஆண்டவர் நினிவேக்குப் போகச் சொன்னார். அது அசீரியருடைய பட்டணம். 800 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே இருக்கிறது. இவரோ யோப்பாவுக்குப் போய், கைக்காசைக் கொடுத்து, மேற்கே தர்ஷீசுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

பயந்து ஓடினார் என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. புயல் நடுவே தன்னைத் தூக்கிக் கடலில் போடச் சொன்னவருக்கா பயம்? நாலாம் அதிகாரத்தில் காரணம் வெளியே வருகிறது. கர்த்தர் இரக்கமுள்ளவர், அந்த ஜனங்களையும் மன்னித்துவிடுவார் என்று இவருக்கு முன்னமே தெரியும். அதனால்தான் ஓடினார்!

அவர் வயிற்றெரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. அசீரியர் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா? பிற்காலத்தில் சனகெரிப் லாகீசைப் பிடித்தபோது, மனுஷரைக் கழுவில் ஏற்றினதைக் கல்லில் செதுக்கி நினிவே அரமனையில் அலங்காரமாக வைத்தான். அந்தக் கற்கள் இன்றும் லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன. யோனாவின் சொந்த ஜனமாகிய இஸ்ரவேலின் ராஜ்யமே கி.மு. 722-ல் அசீரியர் கையில் அழிந்தது. அவர்களுக்கா மன்னிப்பு என்றுதான் அவருக்கு இருந்திருக்கும்.

மீன் கரையில் கக்கினபிறகு இரண்டாந்தரம் கட்டளை வந்தது, போனார். 40 நாள் கெடு என்று கூறினார். ராஜா முதற்கொண்டு சாம்பலில் உட்கார்ந்தான், மாடு ஆடுகூட உபவாசம். ஒரு ஊழியக்காரன் வேறென்ன கேட்பான்? இவரோ செத்துப்போனால் தேவலை என்று பட்டணத்துக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். கால் கீழ்ப்படிந்தது, மனசு கீழ்ப்படியவில்லை.

அவரையும் கர்த்தர் விடவில்லை. நிழலுக்கு ஒரு ஆமணக்கை முளைக்கப்பண்ணினார். மறுநாள் பூச்சி அரித்து அது பட்டுப்போனது, யோனாவுக்கு அவ்வளவு துக்கம். ஒரு நாள் செடிக்கே இத்தனை பரிதாபம் என்றால், வலதுகை இடதுகை தெரியாத 1,20,000 பேருக்காகவும் அத்தனை மிருகஜீவன்களுக்காகவும் தாம் பரிதபிக்கக் கூடாதா என்று கேட்டார். புத்தகம் அங்கேயே முடிகிறது.

யோனாவின் பதில் எழுதப்படவில்லை. ஆனால் அந்த வெயிலில் அவர் தனியாகத்தான் இருந்தார். தன் கோபத்தையும், தன்னை மடக்கின அந்தக் கேள்வியையும் அவரே ஊருக்குத் திரும்பி வந்து சொல்லியிராவிட்டால், வேறு யாருக்குத் தெரிந்திருக்கும்?